இரண்டு நெல்லிலைகள்

போன மார்கழியில் ஒருநாள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்த நேரத்தில், பெரியவர் ஒருவர் என் மேஜைமேல் இரண்டு நெல்லிலைகளை வைத்தார். நகைக்கடனுக்கு வட்டி கட்ட வந்தவர். இலைகளைப் பாஸ் புத்தகத்துக்குள் வைத்து மடங்காமல் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் நீளவாட்டில் கண் வடிவத்தில் நாலைந்து கறைகள். ஓரம் பழுப்பு, நடுவில் சாம்பல். மற்றதில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள், எண்ண முடியாத அளவுக்கு.

“இது என்னோடது சார், பி.பி.டி. இது பக்கத்து வயலு, மோட்டா ரகம்” என்றார்.

டெல்டாவில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பயிர்க்கடன் தாள்களில் நெல் என்று சில ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். நெல்லிலையை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றுதான். “ரெண்டும் போச்சா ஐயா?” என்று கேட்டேன். புள்ளிகள் நிறைந்த இலைதான் எனக்கு மோசமாகத் தெரிந்தது.

“இல்லீங்க. புள்ளி விழுந்தது தப்பிச்சுக்கும். கண்ணு விழுந்தது தான் போயிடும்.”

ஏன் என்றேன். அதெல்லாம் தெரியாது, பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றார். ரசீதை வாங்கிக்கொண்டு போகும்போது இலைகளை மறந்துவிட்டார். அவற்றை எடுத்து, பையிலிருந்த ஒரு கவிதைத் தொகுப்புக்குள் வைத்தேன். மதிப்புரைக்கு வந்த தொகுப்பு. இரண்டு மாதமாக என்னோடு வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவனுக்குப் பயிர் நோயில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். பெரியவர் சொன்ன வாக்கியம் உறுத்திக்கொண்டிருந்ததுதான் காரணம். தீர்ப்பு அவரிடம் இருந்தது, காரணம் இல்லை. எனக்குப் பழக்கம் இதற்கு நேர்மாறு. இரண்டு மாத காலம் மாலைகளில் கிடைத்ததைப் படித்தேன். படித்தது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

குலைநோய்ப் பூஞ்சையின் வித்து ஒன்று பனி ஈரத்தோடு இலைமேல் ஒட்டிக்கொள்கிறது. முளைவிட்டு, முளையின் நுனியில் ஒரு குமிழைக் கட்டுகிறது. கருநிறப் பூச்சுப் பூசிய அந்தக் குமிழுக்குள் அழுத்தம் ஏறுகிறது. 80 வளிமண்டலம் வரை போகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஒரு கார் டயருக்குள் இருப்பதைப் போல ஏறக்குறைய 40 மடங்கு. அந்த அழுத்தத்தில் ஒரு முள்ளை இறக்கி இலையின் தோலைத் துளைத்து முதல் செல்லுக்குள் நுழைகிறது. நுழைந்தவுடன் அது அந்தச் செல்லைக் கொல்வதில்லை. முதல் சில நாட்கள் அதற்கு உயிருள்ள செல்தான் வேண்டும். அழிப்பது பிறகு. கண் வடிவக் கறை அந்த அழிவின் முகம்.

நம் உடம்புக்குள் காவலுக்கு ஓடித்திரியும் அணுக்கள் உண்டு. தாவரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. ஓடவும் முடியாது, ஆள் அனுப்பவும் முடியாது. வந்தவன் யார் என்று ஒவ்வொரு செல்லும் தானே கண்டுகொள்ள வேண்டும். இந்த அடையாளத்தின் கணக்கை 1940களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹெரால்ட் ஃப்ளோர் ஆளிச் செடியையும் அதன் துரு நோயையும் வைத்துக் கண்டுபிடித்தார். செடியில் எதிர்க்கும் மரபணு ஒன்று. நோய்ப் பூஞ்சையில் அதற்கு ஒத்த மரபணு ஒன்று. இரண்டும் பொருந்தினால் செடி வந்தவனை அறிந்துகொள்கிறது. பூஞ்சையில் அந்த ஒன்று மாறிவிட்டால், நேற்றுவரை எதிர்த்து நின்ற செடி இன்று ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிறது. நெல்லிலும் இது நடந்திருக்கிறது. 1973இல் பிலிப்பைன்ஸிலிருந்து புகையானுக்கு அசையாது என்று வந்தது ஐ.ஆர்.26. இரண்டு மூன்று வருஷத்தில் அதைத் தின்னத் தெரிந்த புகையான் வந்துவிட்டது.

அறிந்துகொண்ட செல் செய்யும் காரியம் ஒன்றுதான். செத்துப்போகிறது. தானும் பக்கத்திலிருக்கும் சிலவும் சேர்ந்து, திட்டமிட்டு, சில மணி நேரத்தில். உயிருள்ள செல்லை நம்பி வந்த பூஞ்சை பிணத்துக்குள் மாட்டிக்கொண்டு பட்டினி கிடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது ஒரு பழுப்புப் புள்ளி. பெரியவரின் பக்கத்து வயல் இலையில் நான் நோய் என்று நினைத்தது அத்தனையும் இந்தச் சாவுகள். கண் விழுந்த இலை, வந்தவனை அடையாளம் தெரியாமல் உள்ளே விட்ட இலை.

கோதுமைத் துரு நோயில் இதைப் பார்த்த மின்னசோட்டாவின் ஸ்டேக்மன் 1915இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் மிகையுணர்ச்சி என்றுதான் வரும். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வட்டாரத்தில் ஒரு கவிதையைத் தீர்த்துக்கட்ட இந்த ஒரு சொல் போதும். நானே எத்தனை தடவை உபயோகித்திருக்கிறேன்! செடியில் மிகையுணர்ச்சி என்பது தொட்டவுடன் ஒரு பகுதியைத் தானே கொன்றுகொள்ளும் கறார்த்தனம். கவிதையில் எதைத் திட்டினேனோ அதன் பெயர், விமர்சனத்தில் எதைச் செய்துவந்தேனோ அதன் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது.

இது ஒரு செல்லோடு முடியும் விஷயமில்லை. 1961இல் ஃபிராங்க் ராஸ் புகையிலைச் செடியின் ஓர் இலையில் வைரஸைத் தடவிப் புள்ளிகள் விழவைத்தார். சில நாள் கழித்து, தொடாத வேறு இலைகளில் அதே வைரஸைத் தடவினால் புள்ளிகள் சிறியதாகவும் குறைவாகவும் வந்தன. ஓர் இலைக்கு நேர்ந்தது செடி முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. இந்தச் சேதியில் சாலிசிலிக் அமிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று பின்னால் தெரியவந்தது. நாம் தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரினின் தாய்ப்பொருள். 1979இல் ஒயிட் என்பவர் புகையிலைக்கு ஆஸ்பிரினையே கொடுத்து, அது வைரஸை எதிர்ப்பதைக் காட்டினார்.

தின்பவர்களுக்கு எதிரான ஏற்பாடு வேறு. 1972இல் கிரீனும் ரையனும் தக்காளியில் பார்த்தார்கள்: ஓர் இலையை வண்டு கடித்தால், கடிபடாத இலைகளிலும், தின்றதை வண்டு ஜீரணிக்கவிடாமல் தடுக்கும் புரதம் சேர்கிறது. 1990இல் மக்காச்சோளத்தில் இன்னொன்று வெளிப்பட்டது. புழு தின்னும் நாற்று ஒருவித வாசனையை விடுகிறது. அந்தப் புழுவின் உடம்பில் முட்டையிடும் குளவி அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. கத்தியால் கீறினால் மட்டும் அந்த வாசனை அப்படி வருவதில்லை. புழுவின் வாய்நீர் படவேண்டும். 2018இல் டொயோட்டாவும் கில்ராயும் ஒரு சிறு செடியில், கடிபட்ட இடத்திலிருந்து கால்சியத்தின் அலை ஒன்று வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மற்ற இலைகளுக்குப் போவதைப் படமே பிடித்துக் காட்டினார்கள். இதைப் பார்த்துவிட்டுச் செடிக்கு வலிக்கிறது, அழுகிறது என்று உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். உருகுவதற்கு இதில் ஒன்றுமில்லை. நரம்பில்லாத, மூளையில்லாத ஒரு ஜீவன் இவ்வளவு செய்கிறது என்பதே போதுமான ஆச்சரியம். அதன்மேல் நம் கண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு விமர்சனத்தின் கதை வருகிறது. 1983இல் அமெரிக்காவில் இருவேறு இடங்களில், சேதப்பட்ட மரத்தின் பக்கத்திலிருந்த சேதப்படாத மரங்களும் தற்காப்பில் இறங்கியதாகச் சொன்னார்கள். ரோட்ஸ் வில்லோ மரத்தில். பால்ட்வினும் ஷுல்ட்ஸும் பாப்லரிலும் மேப்பிளிலும். பத்திரிகைகள் அதைப் ‘பேசும் மரங்கள்’ ஆக்கின. 1985இல் ஃபௌலரும் லாட்டனும், பிசாசின் வக்கீலாக வாதிடுகிறோம் என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்டு, இந்த ஆராய்ச்சிகளைப் பிரித்துப் போட்டார்கள். கணக்கு போதாது, சோதனை அமைப்பு சரியில்லை, ரோட்ஸின் புழுக்கள் நலிந்தது மரங்கள் பேசியதால் என்பதைவிடப் புழுக்களிடையே பரவிய ஒரு நோயால் இருக்கலாம் என்றார்கள். பல வருஷங்களுக்கு அந்த விஷயம் சந்தேகத்தில் கிடந்தது. 2000இல் கர்பனும் கூட்டாளிகளும், வெட்டுப்பட்ட ஸேஜ் புதர்களின் பக்கத்தில் நிற்கும் காட்டுப் புகையிலை பூச்சிகளிடம் குறைவாகக் கடிபடுவதைக் கலிஃபோர்னியாவில், திறந்த வெளியில், பல பருவங்கள் தொடர்ந்து காட்டினார்கள். இன்று அதை மறுப்பவர் அதிகமில்லை. ‘பேச்சு’ என்ற சொல்லைத்தான் இன்னும் எச்சரிக்கையோடு உபயோகிக்கிறார்கள். பக்கத்துச் செடி ஒட்டுக்கேட்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

படித்தபோது என் அனுதாபம் முதலில் முழுக்க 1985இன் பக்கம் இருந்தது. அவர்கள் கேட்டது ஒவ்வொன்றும் கேட்டிருக்க வேண்டியதே. ஆனால் ஒரு ஆராய்ச்சி சரியாக நிரூபிக்கப்படவில்லை என்பது அது பார்த்த விஷயம் இல்லை என்று ஆகாது. இது சாதாரண தர்க்கம். தர்க்கமாக எனக்கு எப்போதும் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் நான் எழுதிய நாலு பக்க மதிப்புரையில் மட்டும் அது எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

அவன் பெயர் இங்கே வேண்டாம். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கல்லூரியில் ஒரே பெஞ்சு. ஒரே லைப்ரரி கார்டில் இரண்டு பேரும் படித்தோம். இருவரும் கவிதை எழுதினோம். அவன் முதல் தொகுப்பு சொந்தச் செலவில், முந்நூறு பிரதி வந்தது. இதே அளவுள்ள ஒரு பத்திரிகையில், இப்போது நின்றுவிட்டது, அதைப் பற்றி எழுதினேன். சொன்ன குறைகள் எல்லாம் உண்மை. தளர்ந்த வரிகள் இருந்தன. அம்மாவைப் பற்றிய கவிதைகளில் கண்ணீர் வடிந்தது. இரவல் படிமங்கள் எங்கிருந்து வந்தன என்று பக்க எண்ணோடு காட்டினேன். தொகுப்பில் ஆறு கவிதைகள் வேறு யாராலும் எழுதியிருக்க முடியாதவை. அதுவும் அப்போதே எனக்குத் தெரியும். அவற்றைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினேன், அதிலும் ‘ஆனால்’ இருந்தது. நண்பன் என்பதற்காக இரங்கவில்லை என்று பலர் கடிதம் எழுதினார்கள். எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டது அந்த மதிப்புரையால்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுதவும் இல்லை. இப்போது வெளியூரில் ஒரு பள்ளியில் வாத்தியார். தீபாவளிக்குப் போன் செய்தால் குழந்தைகளைப் பற்றிப் பேசுவான்.

இத்தனை நாளும் இதற்கு நான் வைத்திருந்த நியாயம் தற்காப்பு என்பதுதான். வியாபார எழுத்தின் நச்சு நாலு பக்கமும் சூழ்ந்திருக்கும்போது, சின்ன இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டாமா? ‘நச்சு’, ‘தொற்று’, ‘சீரழிவு’ — நம் விமர்சனத்தின் சொற்களில் பாதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை. அதனால் தற்காப்பைப் பற்றிப் படித்தது அப்படியே என்மேல் விழுந்தது.

தற்காப்புக்கு விலை உண்டு. 1992இல் ஹெர்ம்ஸும் மாட்ஸனும் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையின் தலைப்பே தாவரத்தின் தர்மசங்கடம் வளர்வதா, காத்துக்கொள்வதா என்பதுதான். இருக்கிற சரக்கு ஒன்று. இரண்டுக்கும் முழுதாகப் போதாது. பாங்க்காரனுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமில்லை. வராக்கடனுக்கு ஒதுக்கி வைக்கும் பணம் கடன் கொடுக்க உதவாது. ஒதுக்காமலும் இருக்க முடியாது. ஒன்றுகூட வராக்கடன் இல்லாத கிளை, கடனே கொடுக்காத கிளையாகத்தான் இருக்கும்.

2007இல் ஜெர்மனியில் பாம்ப்லீஸும் வைகலும் கூட்டாளிகளும் இதற்கும் மேலே போனார்கள். ஒரே இனத்தின் இரண்டு நல்ல வகைகளை இணைத்தபோது சில கன்றுகள் குட்டையாகி, இலைகள் கருகி நின்றன. கிருமி எதுவும் இல்லை. இரு பக்கத்திலிருந்தும் வந்த தற்காப்பு மரபணுக்கள் ஒன்றையொன்று எதிரியின் தடயமாக எடுத்துக்கொண்டு, யாரும் வராத வீட்டில் ஓயாமல் போர் நடத்திக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி தூங்கவில்லை. அந்த மதிப்புரைக்குப் பிறகு நானும் கவிதை எழுதவில்லை. விமர்சகனாகிவிட்டேன், அதனால் எழுதவில்லை என்று சொல்லிவந்தேன். நடப்பது வேறு. ஒரு வரி வருகிறது. அது முழுசாக வருவதற்குள் அதில் இரவல் எது, மிகை எது என்று தெரிந்துவிடுகிறது. அந்த இடம் செத்துவிடுகிறது. காகிதத்தில் புள்ளிகள் மட்டும்.

இன்னும் ஒன்று. 2000இல் கோவ்ரினும் லெவினும் காட்டியது: பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சைக்கு உயிருள்ள செல் தேவையில்லை. அது பிணந்தின்னி. செடி தற்காப்புக்காகக் கொன்றுபோடும் செல்களே அதற்கு விருந்து. ஓர் எதிரியைத் தடுக்கும் அதே சாவு இன்னோர் எதிரிக்குக் கதவைத் திறக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் அவன் எழுதாமல் விட்ட இடம் காலியாக இருக்கவில்லை. மேடைக் கவிஞர்கள் மூன்று பேர் அதில் செழிப்பாக இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் மதிப்புரை எழுதியதில்லை. எழுதினாலும் அவர்கள் படிக்கமாட்டார்கள். என் விமர்சனம் எட்டியது அதை மதித்த ஒருவனை மட்டும்.

உவமை இதோடு நிற்க வேண்டும். செல்லுக்கு வேறு வழி கிடையாது, எனக்கு இருந்தது. செடியைக் காட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கறார் வேண்டாம், எல்லோரையும் தட்டிக்கொடுப்போம் என்ற இடத்துக்கும் நான் வரவில்லை. அடையாளம் தெரியாத இலை கண் விழுந்து சாகிறது என்பதும் உண்மைதான். அந்தத் தளர்ந்த வரிகளை இன்று படித்தாலும் தளர்ந்த வரிகள் என்றே சொல்வேன்.

பிறகு என்னதான் செய்திருக்கலாம் என்ற கேள்விக்கு ஒரு பதில் சீனாவின் யுன்னான் மாகாணத்து வயல்களிலிருந்து கிடைத்தது. அங்கே வேகவைத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒருவகை நெல் உண்டு. பலகாரங்களுக்கு அதுதான் வேண்டும், விலையும் அதிகம். குலைநோய் வந்தால் தாங்காது. 1998லும் 1999லும் ஷூ யூயோங்கும் கூட்டாளிகளும், ஆயிரக்கணக்கான குடியானவர்களோடு சேர்ந்து, நோய் தாங்கும் வீரிய நெல் நாலு வரிசைக்கு ஒன்றாக அந்த நெல்லை நட்டார்கள். தனியாக நட்டதைவிடக் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது. அது நின்ற இடத்தின் அளவுக்குக் கணக்கிட்டால் மகசூல் 89 சதவீதம் கூடியது. இரண்டாம் வருஷ முடிவில் பூஞ்சை மருந்து அடிப்பதையே விட்டுவிட்டார்கள். காரணங்கள் எளிமையானவை. தாங்கும் வரிசைகள் வித்துக்களை வழியில் மறித்துவிடுகின்றன. ஒட்டு நெல் உயரமானதால் குட்டை வரிசைகளுக்கு மேலே தலைநீட்டி நிற்கிறது. காற்று பட்டு ஈரம் காய்ந்துவிடுகிறது. அதன் ரகத்தை யாரும் மாற்றவில்லை, அதன் பலவீனம் அப்படியே இருக்கிறது. நிற்கும் இடம் மட்டும் வேறு.

அவன் தொகுப்பு வந்த நாளில் நாங்கள் எட்டு ஒன்பது பேர் இருந்தோம். எல்லோரும் தடித்த தோல்காரர்கள். சுற்றி நின்றிருக்கலாம். கையெழுத்துப் பிரதியிலேயே அந்தத் தளர்ந்த வரிகளைச் சொல்லியிருக்கலாம். என்னிடம் அது மூன்று மாதம் இருந்தது. அச்சில் வரட்டும் என்று காத்திருந்தேன் என்பதை இப்போது எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவனுக்கு இன்னும் கடிதம் எழுதவில்லை. இந்தக் கட்டுரை அதற்குப் பதிலாகாது என்று தெரியும்.

மேலே சொன்ன தொகுப்பின் மதிப்புரையை இன்னும் எழுதவில்லை. எழுதுவேன். இம்முறை நல்ல கவிதைகளிலிருந்து ஆரம்பிப்பதாக இருக்கிறேன்.

ஆவணியில் பெரியவர் சம்பாவுக்குப் பயிர்க்கடன் கேட்டு வந்தார். எந்த ரகம் போடப் போகிறீர்கள் என்றேன். பி.பி.டி. என்றார். போன வருஷம் பாதி போயிற்றே, மோட்டா ரகம் போடக்கூடாதா என்று கேட்டேன்.

“அதுவும் கொஞ்சம் போடுறேன் சார். ஆனா சோறு இதுலதான் சோறா இருக்கு” என்றார்.

விண்ணப்பத்தில் பயிர் என்று கண்ட இடத்தில், அவர் சொன்னபடியே, இரண்டையும் எழுதினேன்.